நிமிர்ந்து வாங்கிய அடி

1

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்.

டோரீன். பஸ் ஓட்டுகிறவர். அறுபது வயது இருக்கும். கறுப்பர். அவருடைய அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்.

யூசுப். சூடான்காரர். முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார்.

கிரேஸ். ஜிம்பாப்வே நாட்டுப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை.

பீட்டர். வெள்ளைக்காரர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காது கேட்காது.

சாமுவேல். என் மகன். இருபது வயது.

நான்.

எங்களுக்கு எதிரே கடைக்காரர். அவருக்கு முன்னால் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம். அதில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன். அவனைப் பற்றிப் பின்னால் வரும்.

என் மனைவி ரூத் வரவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் ட்யூட்டி.

இது நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். நேற்று வேலையில் ஈரத்துணி வண்டியைத் தள்ளினேன். இடது பக்கம் சுருக்கென்று பிடித்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆரணியில் சர்ச் சபைப் பத்திரிகை நடத்தும் அண்ணன் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுடா என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். பனி, ரயில், பெரிய கடைகள் பற்றி எழுதச் சொல்கிறார். அதையெல்லாம் நீங்கள் போனிலேயே பார்க்கிறீர்கள். எனக்கு எழுத இருப்பது இதுதான். நான் எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

2

ஆரணியில் நான் பட்டு நெய்தேன். சொந்தத் தறி இல்லை. முதலாளி வீட்டுத் தறி, கூலி வேலை. ரூத் நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் பையனும் வந்தோம். என் காகிதத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கும். ஊரில் எந்த ஆம்பளைக்கும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

இங்கே எனக்கு வேலை துணி வெளுக்கும் ஆலையில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரும். ரத்தத்தோடு வரும், மலத்தோடு வரும். வெள்ளையாகப் போகும். என் பெயர் ஜெயசீலன். அவர்கள் வாயில் அது நிற்கவில்லை. ஜே என்கிறார்கள்.

வந்த புதிதில் ஒருவர் தினமும் காலையில் "நல்லா இருக்கியா?" என்பார். நான் நின்று முட்டி வலி, தூக்கம் வராதது எல்லாம் சொல்வேன். ஒரு வாரம் கேட்டார். பிறகு என்னைக் கண்டாலே வேறு பக்கம் போனார். இங்கே அது கேள்வி இல்லை, வணக்கம் என்று சாமுவேல்தான் சொன்னான்.

அவனுக்குப் பதினாலு வயதில் கூட்டி வந்தோம். நான் தமிழில் கேட்பேன். அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். பாதி எனக்குப் புரியாது. புரியாத பாதியைத்தான் அவன் முக்கியமாகச் சொல்லியிருப்பான் என்று தோன்றும்.

போன வருஷம் நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டோம். பக்கம் பக்கமாகக் கேள்விகள். போலீஸில் உன் மேல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கேள்வி. மூன்று பேருக்கும் தனித்தனியாக. இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினோம்.

அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் மகன் கை நீட்டினால் அவனுக்கு இந்த நாடு இல்லை.

3

எங்கள் ஆலைக்கு முன்னால் மூலையில் ஒரு மதுக்கடை. இங்கே பப் என்பார்கள். வேலை விட்டதும் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். போர்டு எதுவும் கிடையாது. ஆனால் வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் உள்ளே போனால் "இன்றைக்கு இடமில்லை" என்பார் கடைக்காரர். நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

சாமுவேல் கூடப் படித்த பையன்களோடு போனான். அவர்களுக்கு இடம் இருந்தது. இவனுக்கு இல்லை. அந்தப் பையன்கள் "சீக்கிரம் வந்துடறோம்" என்று இவனை வெளியே நிறுத்திவிட்டுக் குடிக்கப் போனார்கள். யூசுப் ஒருநாள் ஏன் என்று கேட்டார். வாசலில் தள்ளி மிதித்ததில் முன் பல் போனது. கடைக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்குப் புகார் எழுதினோம். ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தது. யூசுப் அந்தப் பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அது போதவில்லை.

ஒருநாள் சாமுவேல் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். இரும்புக் கம்பி ஒன்று கிடைத்தது. ஒரு முனையில் பிடிக்கத் துணி சுற்றியிருந்தது.

"இது இன்னாடா?"

"சும்மாப்பா."

"சும்மா வெக்கிற சாமானுக்கு இன்னாத்துக்குத் துணி சுத்தின?"

கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கால்வாயில் கொண்டுபோய்ப் போட்டேன். அடுத்த வாரம் வேறொன்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் டோரீன் எங்கள் சபை மண்டபத்தில் கூட்டம் போட்டார். அவர் பேசுவது இங்கிலீஷ். எனக்கு விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன்.

"அந்தக் கடைக்குப் போவோம். குடிக்கக் கேப்போம். குடுக்கலைன்னா உட்காந்திருப்போம். குடுக்கற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"அடிப்பாங்களே" என்றார் யூசுப். பல் போனவர் கேட்கலாம்.

"அடிப்பாங்க. அதனாலதான் முதல்ல இங்க பழகணும்."

4

பழகுவது என்றால் அடி வாங்கப் பழகுவது. மண்டபத்தில் மேஜை நாற்காலி போட்டோம். சிலர் உட்கார வேண்டும். சிலர் ரவுடியாக நடிக்க வேண்டும். திட்டலாம், தள்ளலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், தலையில் ஊற்றலாம். உட்கார்ந்தவர் கை நீட்டக் கூடாது, எழுந்து ஓடவும் கூடாது. யூசுப் கிரேஸ் தலையில் ஆறிப்போன டீயை ஊற்றினார். கிரேஸ் அசையவில்லை. முடிந்ததும் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

பீட்டர்தான் பெரிய ரவுடி. ஒவ்வொரு முறையும் முதலில் மன்னிப்புக் கேட்பார். பிறகு வாயில் வராத வார்த்தையெல்லாம் வரும். டோரீன் போதும் என்று கையைத் தட்டினால் அவர் காதில் விழாது. கத்திக்கொண்டே இருப்பார். யாராவது போய்த் தோளைத் தொட வேண்டும். "ஐயோ, முடிஞ்சுதா?" என்பார்.

சாமுவேல் முறை வந்தது. பீட்டர் இரண்டு வார்த்தை சொன்னார். இவன் அவர் கழுத்துப் பட்டியைப் பிடித்துவிட்டான். டோரீன் வெளியே அனுப்பினார். மறுவாரமும் வந்தான். மறுவாரமும் பிடித்தான்.

அப்புறம் என் முறை. என் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். பீட்டர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து "எழுந்திருடா, வெளியே போடா" என்று கத்தினார்.

நான் எழுந்தேன். டம்ளரை எடுத்தேன். மண்டபத்து மூலையில் குழாய் இருந்தது. அங்கே போய்க் கழுவினேன். மற்ற டம்ளர்கள் இருந்த தட்டில் வைக்கவில்லை. தள்ளி, தரையில், சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தேன். திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

 என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னாப்பா பண்றீங்க? ஏம்ப்பா கிளாஸத் தரையில வெச்சீங்க?" என்றான் சாமுவேல். தமிழில் கேட்டான்.

அதுவரை அவனிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். என் அம்மா பிறந்த ஊர் தேசூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். சின்ன வயதில் அங்கே போவோம். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் கிளாஸ். வெளியே மூங்கிலில் மாட்டியிருக்கும். எடுத்து நீட்டினால் உயர இருந்து ஊற்றுவார்கள். குந்தி உட்கார்ந்து குடித்து, நாமே கழுவி, அங்கேயே மாட்ட வேண்டும். ஆரணி டவுனில் நெய்யும் என் அப்பாவுக்கு ஒருநாள் அது மறந்துவிட்டது. குடித்த கிளாஸைப் பெஞ்சு மேல் மற்ற கிளாஸ்களோடு வைத்துவிட்டார். அடுப்புக்கு வைத்திருந்த விறகால் அடித்தார்கள். அவர் கை நீட்டவில்லை. "தப்புதாங்க, தப்புதாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். விறகு உடைந்தது. இன்னொன்று எடுத்தார்கள்.

சாமுவேல் இதை மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னான். பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனான். குப்பைத் தொட்டியை உதைக்கும் சத்தம் கேட்டது.

நான் டோரீனிடம் கேட்டேன். "அடி வாங்கறது எங்களுக்குப் பழக்கந்தாங்க. எங்கப்பாவும் திருப்பி அடிக்கல. நீங்க சொல்றதும் அதுதானே?"

"இல்ல" என்றார். "உங்கப்பா திருப்பி அடிச்சிருந்தா கொன்னிருப்பாங்க. அதனால அவர் குனிஞ்சார். அவர் மேல தப்பில்ல. ஆனா குனிஞ்சவனை அடிச்சிட்டு எவனும் தூக்கம் கெட்டதில்ல. நாம குனிய மாட்டோம். தப்புன்னு சொல்ல மாட்டோம். எழுந்து போக மாட்டோம். அவன் மூஞ்சியப் பாத்துகிட்டே இருப்போம். நீ அடிக்கிறது ஒரு ஆளைன்னு அவனுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சும் அடிச்சா?"

"அடிப்பான். அப்பவும் உட்காந்திருப்போம்."

"எத்தினி நாளைக்குங்க?"

சிரித்தார். "நீங்க எத்தனை வருஷம் கிளாஸ் கழுவினீங்க?"

இன்னொன்றும் சொன்னார். நம் ஆள் யாராவது பொறுக்க முடியாமல் அடிக்கப் போனால், பக்கத்தில் இருப்பவர் குறுக்கே விழ வேண்டும். அடிபடப் போகிறவன் நம்மை அடித்தவனாகவே இருந்தாலும் அவனை மூட வேண்டும்.

"பைத்தியக்காரத்தனம்" என்றான் வாசலில் நின்ற சாமுவேல்.

ஆரம்பத்தில் ஒருநாள் டோரீன் என்னிடம், உங்கள் நாடு அகிம்சை பிறந்த நாடு ஆயிற்றே என்று சொல்லியிருந்தார்.  டம்ளரைக் கழுவி வைத்த பிறகு அவர் அதை மறுபடி சொல்லவில்லை.

5

எனக்கு வராதது நிமிர்ந்து பார்ப்பது. அடியை விட அது கஷ்டம். முதலாளி முன்னால், வாத்தியார் முன்னால், ஆபீசர் முன்னால் கண்ணைத் தாழ்த்தித்தான் நமக்குப் பழக்கம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சாமுவேல்தான் வீட்டில் பழக்கினான். எதிரே நின்று கத்துவான். "அப்பா, தலயத் தூக்குங்க. பாருங்கப்பா என்ன." ஒருநாள் ரூத் ட்யூட்டி முடிந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாங்க நடக்குது? புள்ள கத்திகினு கீறான், நீங்க அவன மொறச்சிகினு கீறீங்க?"

சொன்னோம்.

"சாராயக் கடைல போய் உக்காரப் போறீங்களா? திருவிருந்து எடுக்கற ஆளு!"

"குடிக்க இல்லடி. கேக்கத்தான்."

"கேட்டு, குடுத்துட்டான்னா?"

"ஆரஞ்சு ஜூஸ் கேப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. "புள்ளயக் கூட்டிகினு போவாதீங்க. அவன் கை சும்மா இருக்காது. அந்த மனு இன்னும் வர்ல."

"நீ வராதடா" என்றேன்.

"நீங்க போனா நான் வருவேன்."

"வந்தா இன்னா பண்ணுவ?"

"உக்காருவேன்." பிறகு சொன்னான். "உங்கள எவனாச்சும் தொட்டா தெரியாது."

அந்தச் சனிக்கிழமை கடை வாசலில் அவன் பைகளைத் தடவிப் பார்த்தேன். சாவி, போன். வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போனோம்.

காலி மேஜைகள் இருந்தன. உட்கார்ந்தோம். டோரீன் போய் ஆறு ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். இடமில்லை என்றார் கடைக்காரர். உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்றார் டோரீன். வேறு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றார் கடைக்காரர். வரட்டும், எழுந்துகொள்கிறோம் என்றார். யாரும் வரவில்லை.

கால்பந்து பாதியில் நின்ற இடைவேளையில் ஆரம்பித்தது. ஒருவன் வந்து டோரீன் தலையில் பீரை ஊற்றினான். அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். கிரேஸின் சடையைப் பிடித்து நாற்காலியோடு சாய்த்தார்கள். பின்மண்டை தரையில் மோதியது. எழுந்து நாற்காலியை நிமிர்த்தி மறுபடி உட்கார்ந்தார். பீட்டருக்குத்தான் அதிகம். எங்களை விட அவர் மேல் அவர்களுக்குக் கோபம். இனத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிச் சொல்லிக் குத்தினார்கள். நல்ல காதில் ஒரு குத்து. அந்தக் காதிலிருந்து ரத்தம் வந்தது. அவர் "மன்னிக்கணும், கேக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

பச்சைச் சட்டை என்னிடம் வந்தான். முகத்துக்கு நேரே குனிந்து கத்தினான். துப்பினான். எச்சில் கன்னத்தில் வழிந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சாமுவேல் வயதுதான் அவனுக்கு. நெற்றியில் பரு. கண் சாம்பல் நிறம். "கீழே பாரு" என்றான். பார்க்கவில்லை. "கீழே பாருடா." பார்க்கவில்லை. கையிலிருந்த கிளாஸால் என் புருவத்தில் அடித்தான். கிளாஸ் உடைந்தது. ஒரு கண் முழுக்க ரத்தம். இன்னொரு கண்ணால் பார்த்தேன்.

அவன் உள்ளங்கையும் கிழிந்திருந்தது. அதை விரித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். கீழே பீர் கொட்டிக் கிடந்தது. வழுக்கி மல்லாந்தான்.

என் பக்கத்து நாற்காலி விழும் சத்தம் கேட்டது. சாமுவேல் எழுந்துவிட்டான்.

யோசிக்க நேரம் இல்லை. டோரீன் சொன்னதும் அப்போது நினைவில் இல்லை. இவன் அவனைக் கொன்றுவிடுவான் என்பது மட்டும் தெரிந்தது. பச்சைச் சட்டை மேல் விழுந்தேன். தலையைக் கையால் மூடினேன். அவன் தலையை, என் தலையை அல்ல.

உதை என் மேல் விழுந்தது. சாமுவேல் சனி ஞாயிறு ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். காலில் அந்த வேலை பூட்ஸ். முனையில் இரும்பு. பையைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. எத்தனை உதை என்று தெரியாது. உள்ளே குச்சி முறிவது போலச் சத்தம். மூச்சு வரவில்லை. கீழே கிடந்தவன் நடுங்கிக்கொண்டிருந்தான். என் காதில் "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றான்.

"அப்பா!"

அந்த ஒரு சத்தம். பிறகு உதை இல்லை. சாமுவேல் பீரில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் தலை மேல். கடைக்காரர் டிவியை நிறுத்தினார். அடிக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். டோரீன் மட்டும் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

6

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனார்கள். நான் படுக்கையில் இருந்தேன். அதற்கு அடுத்ததும் போனார்கள். மறுபடி அடி விழுந்தது. கிரேஸுக்கு மணிக்கட்டு போனது. குளிர்காலம் முடியும்போது கடைக்காரர் ஒருநாள் பேசாமல் ஜூஸ் கொண்டுவந்து வைத்தாராம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டார். வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார்கள் சிலர். மனசு மாறியது என்கிறார் டோரீன். எனக்குத் தெரியாது.

பச்சைச் சட்டைக்குக் கோர்ட்டில் தண்டனை ஆனது. என்னை உதைத்தது தான்தான் என்று சாமுவேல் அவனே போலீஸிடம் சொன்னான். விசாரித்த போலீஸ் அம்மா என்னிடம் வந்து அவன் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எச்சரிக்கை என்று எழுதிப் பதிந்து விட்டுவிட்டார்கள். ரூத்துக்கும் எனக்கும் மனு முடிந்து காகிதம் வந்துவிட்டது. அவனுடையது வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது. போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள்.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஆரணியிலிருந்து என் தம்பி கேட்டான். சாமுவேலிடம் கேட்டேன். "நான் பாக்கல, நான் இல்லன்னு சொன்னா, நானும் தலயக் குனிஞ்ச மாதிரிதாம்ப்பா" என்றான். 

திருப்பி அடிக்காமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். பீட்டருக்கு இப்போது இரண்டு காதும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. என் அப்பாவும் கை நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. அவர் அடி வாங்கிய பிறகு சாகும்வரை அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. நான் என் அடி ஆறியதும் அந்தக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஊரில் இப்போது தனிக் கிளாஸ் இல்லையாம். எல்லோருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டதாம். கப் வந்ததால் போனதா, மனசு மாறிப் போனதா என்று அங்கே இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

7

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

புருவத்தைத் தைத்து, விலாவைப் படம் எடுத்து, ஒரு அறையில் படுக்க வைத்திருந்தார்கள். படம் பக்கத்தில் கம்ப்யூட்டரில் தெரிந்தது. சாமுவேல் கதவோரம் நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மேல் மாடி வார்டிலிருந்து ரூத் யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி இடுப்புக்கு மேலே பார்த்தாள். பூட்ஸ் தடம் நீலமாக எழும்பியிருந்தது.

"எவன் இப்பிடி ஒதச்சது? மனுசனா அவன்? அவன் காலு வெளங்குமா? பெத்தவ வயிறு எரியணும் அவனுக்கு..."

"ரூத்து, வேணாம்" என்றேன். மூச்சு இழுக்க முடியவில்லை. அடுத்த வார்த்தை வரவில்லை.

"நீங்க சும்மா இருங்க. கெடக்கற ஆள இப்பிடி ஒதச்சானே, அவன் நல்லா இருப்பானா?"

"அம்மா" என்றான் சாமுவேல். "நான்தாம்மா."

அவள் திரும்பினாள். அவன் பூட்ஸைப் பார்த்தாள். கையை ஓங்கினாள். அவன் கையைக் கொண்டு தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கி அவன் தோளைப் பிடித்தது. கம்ப்யூட்டர் பக்கம் அவனை இழுத்து நிறுத்தினாள்.

"ஒடஞ்சது எது எதுன்னு பாரு. கோடு கோடா தெரியும். எண்ணு."

"அம்மா, வேணாம்மா."

"வாய் விட்டு எண்ணுடா."

விரலைத் திரையில் வைத்தான்.  மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

மூன்று.